இவ்வளவு பெரிய டேங்க் இருந்தும் ஜம்போ ஏன் லண்டன்–சிட்னி நேராகப் போகவில்லை?

சும்மாகேட்டேன்:

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. ஜம்போ என்று நாம் சொல்லும் நான்கு எஞ்சின் விமானங்களில் ஏர்பஸ் ஏ380க்கு 3,20,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும் என்று படித்தேன். போயிங் 747-400ல் ஏறக்குறைய 2,16,000 லிட்டர். ஆனால் சிங்கப்பூர்–நியூயார்க் போல 15,000 கி.மீ. தாண்டிய வழித்தடத்தில் நிற்காமல் பறப்பது ஏ350-900யுஎல்ஆர், மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த ரகம். அதன் டேங்க் 1,65,000 லிட்டர்தான், எஞ்சின் இரண்டே இரண்டு. அதே சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ380 நியூயார்க் போனபோது ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி ஏறித்தான் போனது.

டேங்க் இரண்டு மடங்கு, எஞ்சினும் இரண்டு மடங்கு. தூரத்தில் மட்டும் ஏன் பின்தங்குகிறது? இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே?

ஜன்னலோரம்:

எஞ்சின் நான்கு என்றால் குடிப்பதும் நான்கு வாயால்தானே தம்பி. அவ்வளவுதான் விஷயம் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள், நான் ஓரமாக உட்கார்ந்து படிக்கிறேன்.

எடைத்தாள்:

நான்கு வாய் என்பது முழுக் காரணம் இல்லை. விமானத்தில் ஏறும் எடையைக் கணக்கிடும் லோடு ஷீட் போடுகிறவன் நான், அதனால் என் மேசையிலிருந்து எப்படித் தெரிகிறதோ அப்படியே சொல்கிறேன். டேங்கில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதை நாங்கள் பிறகுதான் பார்ப்போம். முதலில் பார்ப்பது எடை.

ஒவ்வொரு விமானமும் இவ்வளவு எடைக்கு மேல் தரையைவிட்டுக் கிளம்பக் கூடாது என்று சான்றிதழிலேயே வரம்பு இருக்கிறது. ஏ380க்கு அதிகபட்சம் 575 டன். பயணிகளும் எரிபொருளும் இல்லாமல், பறக்கத் தயாராக நிற்கும் விமானம் மட்டும் சுமார் 277 டன். ஏர்லைன்கள் தனி அறை, ஷவர், பார் என்று வைக்க வைக்க அது இன்னும் ஏறும். டேங்க் நிறைய ஊற்றினால் எரிபொருள் மட்டும் சுமார் 254 டன். இரண்டையும் கூட்டினால் 531. வரம்புக்கு மிச்சம் 44 டன்.

ஒரு பயணியைப் பெட்டியோடு சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 500 பேர் ஏறினால் 50 டன். ஆக, டேங்க்கும் நிறைந்து இருக்கைகளும் நிறைந்து ஏ380 கிளம்ப முடியாது. சரக்கு ஏற்றுவதைப் பற்றி இன்னும் பேச்சே எடுக்கவில்லை.

747-400லும் இதே கதைதான். வரம்பு சுமார் 397 டன். காலி விமானம் 180 டன் போல. முழு டேங்க் 173 டன் போல. மிச்சம் அதே 44 டன், நானூறு பேர் ஏறினால் அநேகமாகத் தீர்ந்துவிடும். நானூறு பேரை ஏற்றிக்கொண்டு அது போகக்கூடிய தூரம் சுமார் 13,450 கி.மீ. லண்டன்–சிட்னி பூமியின் வளைவில் மிகக் குறுகிய கோட்டில் அளந்தாலே 17,000 கி.மீ.

"இன்னும் கொஞ்சம் ஊற்று" என்றால், அந்த எடைக்கு யாரையாவது இறக்கிவிட்டாக வேண்டும்.

மேகத்தடம்:

எடைத்தாள் சார் சொன்ன கணக்கோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். எரிபொருளின் எடையை மொத்த எடையால் வகுத்தால் என்ன வருகிறது? ஏ380க்கு 44 சதவீதம். 747-400க்கும் 44. ஏ350-900யுஎல்ஆருக்கு வரம்பு 280 டன், முழு டேங்க் சுமார் 130 டன், 46 சதவீதம். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான்!

பறக்கும் தூரத்துக்குப் பிரெகே சூத்திரம் என்று ஒன்று உண்டு. பிரெஞ்சு விமானக் கட்டுமானர் லூயி பிரெகேயின் பெயரில் வழங்குவது. அதில் டேங்க் எத்தனை லிட்டர் என்ற கேள்வியே வராது. மூன்று விஷயங்கள்தான் வரும்: எஞ்சின் எவ்வளவு சிக்கனம், இறக்கை எவ்வளவு குறைந்த இழுவையில் எவ்வளவு தூக்குகிறது, கிளம்பும்போது இருந்த எடைக்கும் இறங்கும்போது இருக்கும் எடைக்கும் என்ன விகிதம். விமானத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் டேங்க்கும் இரண்டு மடங்கு, சுமக்க வேண்டிய உடம்பும் இரண்டு மடங்கு. விகிதம் அப்படியே இருக்கும். பருமன் தூரத்தைத் தராது.

அந்த விகிதமும் சூத்திரத்தில் லாகரிதமாக வருகிறது. அதாவது முதலில் ஊற்றும் பத்து டன் கொடுக்கும் தூரத்தைக் கடைசியில் ஊற்றும் பத்து டன் கொடுக்காது. எரிபொருளைத் தூக்கிக்கொண்டு போகவே எரிபொருள் எரிகிறது.

சும்மாகேட்டேன்:

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் எண்ணில் சொல்ல முடியுமா மேடம்? எவ்வளவு வீணாகிறது?

எடைத்தாள்:

மேடம் வருவதற்குள் நான் சொல்லிவிடுகிறேன், இது எங்கள் தினசரிப் பிழைப்பு. கூடுதலாக ஒரு டன்னை ஏற்றினால், அதில் மணிக்கு மூன்று முதல் நான்கு சதவீதம் அதைச் சுமப்பதற்கே போய்விடும் என்பது பொதுவான கணக்கு. ஆறு மணி நேரப் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும், பொறுத்துக்கொள்ளலாம். பதினாறு மணி நேரம் என்றால் நாற்பது சதவீதத்துக்கு மேல் வழியிலேயே காலி. இருபது மணி நேரத்தில் பாதி. இறங்கும் இடத்தில் கையில் ஒரு டன் இருக்க வேண்டும் என்றால் கிளம்பும்போது இரண்டு டன் ஏற்ற வேண்டும்.

எரிபொருளுக்கு மட்டும் என்றில்லை. இருபது மணி நேர விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் இதே தண்டம்தான். இருக்கை, போர்வை, குடிநீர், இரண்டாம் வேளைச் சாப்பாட்டு வண்டி, மாற்றுக் குழுவுக்கான படுக்கை எல்லாமே கணக்கில் வரும்.

நாலு_எஞ்சின்:

எல்லோரும் சேர்ந்து ஜம்போவைப் போட்டுத் தாக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் சரித்திரம் பேசுவோம்.

நீண்ட தூரம் என்ற சொல்லுக்கே அர்த்தம் கொடுத்தது ஜம்போதான். 747-ன் உடம்பைப் பதினான்கு மீட்டருக்கு மேல் வெட்டிக் குட்டையாக்கி, டேங்க்கை மட்டும் பெரிதாகவே வைத்து 747எஸ்பி என்று போயிங் செய்தது. 1976ல் பான் அமெரிக்கன் அதை வைத்து நியூயார்க்–டோக்கியோ நிற்காமல் பறந்தது. அதே ஆண்டு சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ் வாங்கிய எஸ்பி ஒன்று தொழிற்சாலையிலிருந்து கேப் டவுன் வரை 16,560 கி.மீ. ஒரே மூச்சில் பறந்தது. 17 மணி 22 நிமிடம். அவர்களுக்கு அது விளையாட்டல்ல. நிறவெறி ஆட்சி காரணமாகப் பல ஆப்பிரிக்க நாடுகள் தங்கள் வான்வெளியை அவர்களுக்கு மூடியிருந்தன. கண்டத்தின் மேற்குப் புடைப்பைக் கடல் வழியாகச் சுற்றித்தான் ஐரோப்பா போக வேண்டியிருந்தது. தூரம் தாங்கும் விமானம் இல்லையென்றால் வழியே கிடையாது.

அப்புறம் 1989 ஆகஸ்ட். ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் ஏர்லைனின் முதல் 747-400, 'சிட்டி ஆஃப் கான்பெரா', லண்டனில் ஏறி சிட்னியில் இறங்கியது. 20 மணி 9 நிமிடம், 18,000 கி.மீ. ஜம்போவால் லண்டன்–சிட்னி நேராகப் போக முடியாது என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். போய்க் காட்டிவிட்டது ஐயா!

எடைத்தாள்:

அண்ணே, அந்தப் பறப்பை நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. நான் சொல்ல வந்ததை அதைவிட நன்றாக விளக்கும் உதாரணம் வேறு கிடையாது.

அதில் இருந்தவர்கள் குழுவையும் சேர்த்து 23 பேர். சரக்கு கிடையாது. ஓடுபாதை முனை வரை விமானத்தை இழுவை வண்டி வைத்துத்தான் கொண்டுபோனார்கள், எஞ்சினை ஓட்டி எரிபொருளை வீணாக்கக் கூடாது என்று. இதையெல்லாம்விட ருசிகரமான விஷயம் எரிபொருள். வழக்கமான ஜெட் எரிபொருள் ஊற்றவில்லை. ஷெல் நிறுவனம் ஜெர்மனியில் தனியாகத் தயாரித்த அடர்த்தி கூடிய எரிபொருளை ஊற்றினார்கள். சுமார் 183 டன். அதே டேங்கில் சாதாரண எரிபொருள் 173 டன்தான் பிடிக்கும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ஏன் அப்படி? ஆட்களை எல்லாம் இறக்கிவிட்ட பிறகு எடை அவர்களுக்குப் பிரச்சினையாக இல்லை. 180-ஐயும் 183-ஐயும் கூட்டினால் 363, வரம்பு 397. முப்பது டன்னுக்கு மேல் இடம் சும்மா கிடந்தது. ஆனால் டேங்கில் இடம் இல்லை. அதனால்தான் ஒரே லிட்டரில் அதிக கிலோவைத் திணிக்கப் பார்த்தார்கள்.

கட்டணம் கொடுத்த நானூறு பேரும் கொஞ்சம் சரக்கும் இருந்தால் அந்த அடர்த்தி எரிபொருளால் ஒரு பயனும் இல்லை. டேங்க் நிறைவதற்கு முன்பே எடை வரம்பு வந்து நிறுத்திவிடும். காலி விமானத்தைத் தடுப்பது டேங்க், நிறைந்த விமானத்தைத் தடுப்பது எடை. விமானம் பறக்குமா என்பது ஒரு கேள்வி. டிக்கெட் விற்றுப் பறக்குமா என்பது வேறு.

ஜன்னலோரம்:

23 பேருக்கு முழு ஜம்போ! ஆளுக்கு ஒரு வரிசை கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். நல்ல காலம்.

நாலு_எஞ்சின்:

சரி, அதைச் சாதனைப் பறப்பு என்று ஒதுக்குங்கள். தினசரிச் சேவையைப் பேசுவோமா? 2014ல் குவாண்டாஸ் சிட்னி–டல்லஸ் வழியில் ஏ380-ஐ விட்டது. 13,800 கி.மீ. அன்றைக்கு உலகிலேயே நீளமான இடைநில்லாச் சேவை அதுதான். எமிரேட்ஸ் துபாய்–ஆக்லாந்து 14,200 கி.மீ. ஏ380 வைத்தே ஓட்டுகிறது. வரம்பு, வரம்பு என்கிறீர்கள். வேலை நடக்கத்தானே செய்கிறது?

எடைத்தாள்:

நடக்கிறது, மறுக்கவில்லை. டல்லஸ் கதையின் முன்பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2011ல் அந்த வழித்தடத்தைத் தொடங்கியபோது போனது 747-400இஆர். கூடுதல் டேங்க் வைத்து, எடை வரம்பை 413 டன் அருகே ஏற்றிய ரகம். அதுவே சிட்னியிலிருந்து டல்லஸுக்கு நேராகப் போகும். திரும்பும்போது பிரிஸ்பேனில் இறங்கித்தான் சிட்னி வரும். தூரம் ஒன்றுதான், காற்று எதிராக வரும். அவ்வளவு பெரிய பசிபிக்கைத் தாண்டிவிட்டு, கடைசி எழுநூற்றுச் சொச்சம் கி.மீ. எட்டவில்லை.

விளம்பரத் தாளில் போடும் தூரம் எல்லாம் காற்றே இல்லாத வானத்துக்கு. உண்மையான வானத்தில் ஜெட் காற்றோட்டம் மணிக்கு 200 கி.மீ. தாண்டியும் வீசும். கிழக்கே போகிறவனுக்கு அது உதவி, மேற்கே வருகிறவனுக்கு உபத்திரவம். சராசரியாக மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று, பயணம் பதினாறு மணி நேரம் என்றால் 800 கி.மீ. கூடுதலாகப் பறந்ததற்குச் சமம்.

ஏர் இந்தியா இதை நேர்மாறாகப் பயன்படுத்தியது. 2016ல் டெல்லி–சான்ஃபிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கமாக விடாமல் பசிபிக் பக்கம் திருப்பினார்கள். தூரம் 15,300 கி.மீ. என்று கூடியது, ஆனால் வால் காற்றால் நேரம் குறைந்தது. விமானம் 777-200எல்ஆர். அடுத்து, இறங்கும்போது டேங்க் வறண்டிருக்கக் கூடாது என்பதும் விதி. வழியில் ஏதாவது மாறினால் என்று பயண எரிபொருளில் வழக்கமாக ஐந்து சதவீதம், மாற்று விமான நிலையம் போகும் அளவு, அதற்கும் மேல் முப்பது நிமிடம் வட்டமடிக்கும் அளவு. ஏ380 போன்ற உடம்புக்கு இவை எல்லாம் சேர்ந்து பதினைந்து டன்னைத் தாண்டிவிடும். அந்தப் பதினைந்து டன்னைத் தொடாமலே பூமியின் மறுபக்கம் வரை சுமந்துகொண்டு போக வேண்டும்.

மேகத்தடம்:

தாமதமாக வந்தேன். இறக்கையைப் பற்றி யாரும் பேசவில்லை, எனக்கு அதுதான் முக்கியம்.

ஏ380-ன் இறக்கை அகலம் 79.8 மீட்டர். ஏன் 85 வைக்கவில்லை? விமான நிலைய விதிகளில் மிகப் பெரிய வகை 80 மீட்டருக்குள் அடங்க வேண்டும். டாக்ஸிவே (ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் வழி), வாயில் எல்லாம் அந்த அளவுக்குத்தான். அந்தப் பெட்டிக்குள் 575 டன்னைத் தூக்கும் பரப்பு வேண்டும் என்றால் இறக்கையை நீட்ட முடியாது, முன்பின்னாக அகலப்படுத்தத்தான் முடியும். 845 சதுர மீட்டர்! நீள அகல விகிதம் 7.5 அளவில் நின்றுவிட்டது. 787-9க்கு அது 9.5 அளவில் இருக்கிறது. நீண்டு மெலிந்த இறக்கைதான் குறைந்த இழுவையில் தூக்கும். நீண்ட பயணத்துக்கு அதுதான் உயிர்.

இன்னொரு கொடுமை, அந்த இறக்கை இப்போதிருக்கும் ஏ380க்காகச் செய்ததே இல்லை என்று சொல்லலாம். பின்னால் வரவிருந்த இன்னும் நீளமான ஏ380-900க்கும் சேர்த்து வடிவமைத்தார்கள். அந்த நீள விமானம் வரவே இல்லை. வராத விமானத்துக்கான இரும்பை (அலுமினியத்தை என்று படிக்கவும்) செய்த 251 விமானங்களும் சுமந்து திரிந்தன.

எஞ்சினும் அப்படித்தான். 747-400 எஞ்சின்களில் மையத்தைச் சுற்றிப் போகும் காற்று, உள்ளே போகும் காற்றைப்போல் ஐந்து மடங்கு. இந்த மடங்கு கூடக் கூட எஞ்சின் சிக்கனம். ஏ380-ன் எஞ்சின்களில் எட்டைத் தாண்டியது. ஏ350, 787 தலைமுறையில் ஒன்பதைத் தாண்டிவிட்டது, உள்ளே வெப்பமும் அழுத்தமும் கூடியிருக்கின்றன. ஏ380 சேவைக்கு வந்தது 2007ல். 787 வந்தது 2011ல். பிரம்மாண்டமான விமானம், ஒரு தலைமுறை பழைய எஞ்சினோடு பிறந்துவிட்டது. புது எஞ்சின் போடுங்கள் என்று எமிரேட்ஸ் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பார்த்தது. நடக்கவில்லை.

ஜன்னலோரம்:

இதெல்லாம் சரி மேடம். ஆனால் நடுக்கடலில் இரண்டு எஞ்சினில் ஒன்று நின்றுபோனால்? நான்கு இருந்தால் மனதுக்குத் தெம்பு. இது என் ஒருவன் பயம் மட்டுமில்லை என்று நினைக்கிறேன்.

நாலு_எஞ்சின்:

அப்படிக் கேளுங்கள்! ஜம்போ இத்தனை காலம் கடலை ஆண்டது இந்த ஒரு காரணத்தால்தான். இரண்டு எஞ்சின் விமானம் எந்த நேரமும் ஏதாவது ஒரு விமான நிலையத்துக்கு 60 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்று பழைய விதி. ஒற்றை எஞ்சினில் பறக்கும் வேகத்தில் அளந்த 60 நிமிடம். நான்கு எஞ்சினுக்கு அந்தத் தொல்லை இல்லை. சிட்னியிலிருந்து சாண்டியாகோவும் ஜோகனஸ்பர்க்கும் போகும் தென்கடல் வழிகளில் இறங்குவதற்கு ஒரு புல்தரைகூடக் கிடையாது. அங்கே ஜம்போ ராஜாவாகப் போய்வந்தது.

1985ல் அமெரிக்க ஏர்லைன் டிடபிள்யுஏ-வின் 767க்கு அந்த 60 நிமிடத்தைத் தாண்ட அனுமதி கிடைத்ததும் கதவு திறந்தது. ஈடாப்ஸ் என்று அந்த விதிக்குப் பெயர். 1995ல் 777 வந்தபோதே 180 நிமிடம். 2014ல் ஏ350க்கு 370 நிமிடம், அதாவது ஆறு மணி நேரத்துக்கு மேல். அத்தோடு எங்கள் கட்சியின் கடைசித் துருப்புச் சீட்டும் போயிற்று.

மேகத்தடம்:

ஜன்னலோரம் அண்ணா, பயப்பட வேண்டாம். அந்த அனுமதியை எஞ்சினின் நம்பகத்தன்மையை ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். சரக்கறையில் தீப்பிடித்தால் அணைக்கும் வாயு எத்தனை நேரம் தாங்கும் என்பது வரை பார்ப்பார்கள். அது நான்கு எஞ்சின் விமானத்துக்கும் உள்ள கவலைதான்.

நாலு_எஞ்சின்:

கடைசியாக ஒரு கேள்வி, எடைத்தாள் தம்பிக்கு. சிட்னியிலிருந்து லண்டனுக்கு நேராகப் பறக்கும் குவாண்டாஸின் சன்ரைஸ் திட்டத்துக்கு வாங்கும் ஏ350-1000யுஎல்ஆரில் 238 இருக்கைதான் என்று செய்தி. வழக்கமாக அந்த விமானத்தில் 350க்கு மேல் ஏற்றலாம். அதாவது அவர்களும் ஆட்களைக் குறைத்துத்தான் தூரம் வாங்குகிறார்கள். அப்படியானால் ஏ380-லும் 240 இருக்கை மட்டும் போட்டால் லண்டன்–சிட்னி போகும்தானே? நியாயமான போட்டி வையுங்கள்.

எடைத்தாள்:

நியாயமான கேள்வி. உத்தேசமாகப் போட்டுப் பார்க்கலாம்.

240 பேர் என்றால் 24 டன், 25 என்று வையுங்கள். காலி விமானம் 277. முழு டேங்க் 254. மொத்தம் 556 டன். வரம்பு 575. பார்த்தீர்களா, 1989ல் நடந்ததே திரும்ப நடக்கிறது: எடையில் 19 டன் இடம் இருக்கிறது, டேங்கில் இடம் இல்லை. ஐந்நூறு பேரோடு சுமார் 15,000 கி.மீ. போகும் விமானம், பாதிப் பேரை இறக்கினால் 16,200 போல வரும். பாதிக் கூட்டத்தை இறக்கிக் கிடைத்தது ஆயிரத்து இருநூறு கி.மீ.தான்! காரணம், 575 டன்னில் பயணிகள் வெறும் பத்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் விமானமும் எரிபொருளும். பயணிகளைக் குறைப்பதால் பெரிய விமானம் இளைத்துவிடாது.

மிச்சம் 19 டன்னுக்கும் கூடுதல் டேங்க் வைத்தால் இன்னொரு ஆயிரம் கி.மீ. போல வரலாம். லண்டன்–சிட்னி 17,000ஐ அப்போதுதான் தொடும், காற்றடிக்காத நாளில். சிட்னியிலிருந்து லண்டன் திரும்பும்போது காற்று முகத்தில் அடிக்கும்.

இப்போது எரிபொருளைப் பாருங்கள். அந்த ஏ380, 240 பேருக்காக 250 டன்னுக்கு மேல் எரிக்கும். ஆளுக்கு ஒரு டன். ஏ350-1000யுஎல்ஆர் கிளம்பும்போது டேங்கில் இருப்பதே மொத்தம் 140 டன் அளவில்தான் இருக்கும். ஆளுக்கு 0.6 டன்னுக்கும் கீழே. அதுவும் சும்மா கிடைத்ததில்லை. பின்பக்கம் 20,000 லிட்டர் டேங்க் ஒன்றைக் கூடுதலாக வைக்கிறார்கள்.

சும்மாகேட்டேன்:

அப்படியானால் இவ்வளவு தூரம் பறப்பதே யாருக்கும் கட்டுப்படியாகாத வேலைபோல் இருக்கிறதே? சின்ன விமானத்திலும் ஆளைக் குறைத்துத்தானே போகிறார்கள்?

எடைத்தாள்:

கிட்டத்தட்ட அப்படித்தான். தூரத்துக்காகவே செய்த விமானங்கள் எதுவும் நிறைய விற்றதில்லை என்பதைக் கவனியுங்கள். 747எஸ்பி 45. ஏ340-500 நாற்பதுக்கும் கீழே. 777-200எல்ஆர் அறுபது சொச்சம். 2005ல் ஹாங்காங்கிலிருந்து கிழக்கு வழியாக லண்டன் வரை 21,602 கி.மீ. பறந்து சாதனை வைத்த விமானம் அது! ஏ350-900யுஎல்ஆர் மொத்தமே ஏழு, ஏழும் ஒரே ஏர்லைனிடம்.

சிங்கப்பூர்–நியூவார்க் கதையும் இதுதான். 2004ல் ஏ340-500 வைத்துத் தொடங்கினார்கள், 181 இருக்கை. 2008ல் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு 100 பிசினஸ் இருக்கை மட்டும். அப்படியும் எரிபொருள் செலவு தாங்காமல் 2013ல் நிறுத்தினார்கள். 2018ல் ஏ350 வந்த பிறகுதான் உயிர் வந்தது. அதிலும் 161 இருக்கைதான், எகானமி வகுப்பே கிடையாது. நேரத்துக்கு விலை கொடுப்பவர்கள் அந்த 161 இருக்கைகளை நிரப்புவார்கள். ஏ380-ன் ஐந்நூறு இருக்கைக்கு அப்படிப்பட்டவர்களைத் தினமும் எங்கே தேடுவது? காற்று மோசமான நாளில் 50 பேரைக் கீழே நிறுத்த வேண்டி வந்தால், யாரை நிறுத்துவது என்று கவுன்டரில் நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

ஜன்னலோரம்:

இருபது மணி நேரம் ஒரே இருக்கையில் உட்காரும் என் முதுகை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்கு நடுவில் ஓர் இடத்தில் இறங்கிக் கால் நீட்டுவதே சொர்க்கம். 

மேகத்தடம்:

உங்கள் முதுகு மட்டுமல்ல, எரிபொருளும் அதைத்தான் விரும்பும் அண்ணா. 17,000 கி.மீ.யை இரண்டாகப் பிரித்து நடுவில் நிரப்பிக்கொண்டு போனால் மொத்த எரிபொருள் செலவு நிச்சயம் குறையும். இரண்டாவது பாதிக்கான எரிபொருளை முதல் பாதியில் சுமக்க வேண்டியதில்லையே.

நாலு_எஞ்சின்:

அப்படி வாருங்கள் வழிக்கு! நடுவில் இறங்கிப் போவதுதான் சிக்கனம் என்றால் அதற்கு என் ஜம்போ போதுமே. அதை 20 மணி நேரம் பறக்கவா செய்தார்கள்? நெருக்கடியான விமான நிலையத்தில் கிடைக்கும் ஒரே ஸ்லாட்டில் (ஏறி இறங்க ஒதுக்கும் நேரம்) ஐந்நூறு பேரைத் தூக்கிக்கொண்டு போகச் செய்தார்கள். கோவிட் காலத்தில் ஏ380 கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். கூட்டம் திரும்பியதும் 2023ல் லுஃப்தான்சாவும் எதிஹாடும் ஓரங்கட்டி நிறுத்தியிருந்ததைத் தூசு தட்டி எடுத்து ஓட்டவில்லையா?

எடைத்தாள்:

எடுத்தார்கள் அண்ணே. எட்டு, பன்னிரண்டு, பதினாலு மணி நேர வழிகளில், நிறைந்த இருக்கையோடு. அங்கே அதை நானும் கைதட்டி அனுப்புவேன். லண்டன்–சிட்னி லோடு ஷீட்டை மட்டும் ஏ380க்காக என் மேசைக்கு அனுப்பாதீர்கள்.